ஒரே அறையில் இருவர்

1847ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், இலண்டன் மாநகரின் லைசியம் அரங்கில் ஒரு சிறு நாடகம் முதன்முறையாக மேடையேறியது. ஜான் மேடிசன் மார்ட்டன் என்பவர் எழுதிய 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' என்பது அது. ஓர் அங்கம், ஓர் அறை, மூன்று பாத்திரங்கள், அவ்வளவே. பிரெஞ்சு மேடையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு சிறு நாடகங்களிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு, இலண்டன் மண்ணுக்கேற்ப மார்ட்டன் அதை ஆக்கித் தந்தார். பக்ஸ்டோன், ஹார்லி என்னும் அந்நாளைய புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர்கள் இருவரும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். பெரிய நாடகம் ஒன்றைப் பார்த்துக் கனத்த மனத்தோடு இருப்பவர்களைச் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவதே இத்தகைய கேலி நாடகங்களுக்கு அன்று விதிக்கப்பட்ட பணி. ஆனால் இந்தச் சிறு நாடகம் பல பெரிய நாடகங்களைக் காட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. 1849இல் விக்டோரியா அரசியாரே வின்ஸர் கோட்டையில் இதைக் கண்டு களித்தார். 1866இல் ஆர்தர் சல்லிவன் இதற்கு இசையமைத்து இசை நாடகமாக்கினார். தேவாலயங்களில் பாடப்படும் பாடல்களுக்கும் மெட்டமைத்த அதே சல்லிவன்தான் அவர்.

கதை மிக எளியது. பவுன்சர் அம்மாள் என்னும் வீட்டுக்காரி, தன் வீட்டின் ஓர் அறையை ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு வாடகைக்கு விடுகிறாள். ஒருவன் பாக்ஸ், செய்தித்தாள் அச்சகத்தில் இரவெல்லாம் வேலை செய்பவன். மற்றவன் காக்ஸ், தொப்பிக் கடையில் பகலெல்லாம் உழைப்பவன். ஒருவன் படியிறங்கும் நேரத்தில் மற்றவன் படியேறுகிறான். ஒருவன் எழுந்த படுக்கையில் மற்றவன் படுக்கிறான். இருவருமே அறை தமக்கு மட்டும் உரியது என்று நம்பியிருக்கின்றனர். அடுப்புக்கரி குறைகிறதே, மெழுகுவர்த்தி கரைகிறதே என்று ஒவ்வொருவனும் வீட்டுக்காரியிடம் முறையிடுகிறான். அவளோ வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிச் சமாளிக்கிறாள். இரண்டு வாடகையும் ஒழுங்காக வந்து சேர்கின்றன.

ஒரு நாள் காக்ஸுக்கு எதிர்பாராமல் விடுமுறை கிடைக்கிறது. அவன் அறைக்குத் திரும்புகிறான். அடுப்பின் மேல் பாக்ஸ் வைத்துவிட்டுப் படுத்த இறைச்சித் துண்டு வெந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறான். பிறகு பாக்ஸ் எழுந்து வந்து காக்ஸின் துண்டை எடுத்துச் சன்னலுக்கு வெளியே வீசுகிறான். காக்ஸ் வந்து மற்றதை வீசுகிறான். அப்புறம் இருவரும் நேருக்கு நேர் சந்திக்கின்றனர். சண்டை மூள்கிறது. அதன்பின் தெரியவரும் செய்தி இன்னும் வேடிக்கையானது. கடற்கரையில் குளியல் வண்டிகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு விதவை இருவருக்குமே நிச்சயிக்கப்பட்டவளாக இருக்கிறாள். இருவருமே அவளிடமிருந்து தப்பிக்கப் பார்க்கின்றனர். அவள் கடலில் மூழ்கி இறந்தாள், சொத்தைத் தன் வருங்காலக் கணவனுக்கு எழுதி வைத்தாள் என்று செய்தி வந்ததும், இருவரும் அவளுக்காக அடித்துக்கொள்கின்றனர். இறக்கவில்லை என்று தெரிந்ததும் ஒருவன் தலையில் மற்றவன் அவளைக் கட்டப் பார்க்கிறான். கடைசியில் அவள் மூன்றாம் ஒருவனை மணந்து கொள்கிறாள்.

இனி முடிவு. காணாமற்போன தம்பியைக் கையிலுள்ள மச்சத்தால் அண்ணன் அடையாளம் கண்டுகொள்ளும் காட்சி அக்காலத்துக் கண்ணீர் நாடகங்களில் தவறாது இடம் பெறும். அதைக் கேலி செய்யும் முறையில் மார்ட்டன் தம் நாடகத்தை முடிக்கிறார். உன் இடக்கையில் மச்சம் உண்டா என்று பாக்ஸ் கேட்கிறான். இல்லை என்கிறான் காக்ஸ். அப்படியானால் நீதான் என் தம்பி என்று சொல்லி பாக்ஸ் அவனைக் கட்டிக்கொள்கிறான். அரங்கம் சிரிப்பில் அதிர, திரை விழுகிறது.

இந்தச் சிரிப்புக்குப் பின்னே ஒரு நகரம் நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. தொழிற்புரட்சியால் வீங்கிய இலண்டனில் அன்று உழைப்பாளிக்குத் தலைசாய்க்க இடமில்லை. அறையின் ஒரு மூலையை, கட்டிலின் ஒரு பாதியை, நாளின் சில மணி நேரத்தை விலை கொடுத்து வாங்கும் நிலை இருந்தது. கட்டிலின் சூடு ஆறுமுன் அடுத்தவன் படுப்பது அங்கே கற்பனை அன்று. அரங்கின் மலிவு விலை இருக்கைகளில் அமர்ந்திருந்தவர்கள் தம்மையே பார்த்துச் சிரித்தனர். உயர்ந்த இருக்கைகளில் இருந்தவர்களோ பிறரைப் பார்த்துச் சிரித்தனர். ஒரே நகைச்சுவைக்கு இருவகைச் சிரிப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இந்த நாடக வகை கடல் கடந்து வந்த கதை நமக்குப் புரியும்.

கேலி நாடகம் கப்பலேறுவதற்கு மிக வசதியான சரக்கு. பெரிய நாடகத்துக்கு முப்பது பேர் வேண்டும். அரண்மனைத் திரைகள் வேண்டும். தேர்ந்த நடிகையர் வேண்டும். மார்ட்டனின் நாடகத்துக்கோ ஒரு மேசை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு, இரண்டு கதவுகள் போதும். படைமுகாமின் உணவுக்கூடத்தில் போட்டுவிடலாம். வீட்டுக்காரி வேடத்தை ஓர் இளம் அதிகாரி ஏற்றால் அதுவே மேலும் ஒரு வேடிக்கை. ஆகவே ஆங்கிலேயர் படையும் வணிகமும் சென்ற இடங்களிலெல்லாம் இவ்வகைச் சிறு நாடகங்கள் உடன் சென்றன. சிம்லாவில் 1887இல் கெயிட்டி அரங்கு திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பொழுதுபோக்கு நாடக மன்றம் ஒன்றும் அமைந்தது. சென்னையில் அதற்கும் நெடுங்காலம் முன்பே, எழும்பூரில் 'பாந்தியன்' என வழங்கிய பொதுக்கூடத்தில் வெள்ளையரின் நடனங்களும் நாடகங்களும் நடைபெற்று வந்தன. பாந்தியன் சாலை என்ற பெயரில் அதன் நினைவு இன்றும் நிற்கிறது. 1854இல் அந்த வளாகத்துக்கு அருங்காட்சியகம் குடிபெயர்ந்தது. 1896இல் அங்கேயே அருங்காட்சியக அரங்கமும் எழுந்தது.

அந்நாளில் எண்ணூர் என்றால் சென்னை வெள்ளையருக்குக் கடற்காற்று வாங்கும் இடம். கழிமுகமும் மணல் திட்டும் உப்பளங்களும் மீனவர் குப்பங்களும் சூழ்ந்த இவ்வூருக்கு விடுமுறை நாள்களில் அவர்கள் படகேறி வருவார்கள். அவர்களுடைய கூடங்களில் விருந்தோ ஆட்டமோ நாடகமோ எது நடந்தாலும், சுவருக்குப் பின்னால் ஒருவன் அமர்ந்து தொங்கு விசிறியின் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். இரவு இழுப்பவன் வேறு, பகல் இழுப்பவன் வேறு. ஒருவன் எழுந்த இடத்தில் மற்றவன் அமர்வான். பாக்ஸும் காக்ஸும் மேடையின் மேல் இருந்ததாகவே கூடத்தில் இருந்தவர்கள் நினைத்தனர். உண்மையான பாக்ஸும் காக்ஸும் சுவருக்கு அப்பால் கயிற்றோடு இருந்தனர். அவர்களுடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

கேலி நாடகத்தை நமக்கு ஆங்கிலேயர்தாம் கற்றுத் தந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஏழாம் நூற்றாண்டிலேயே காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகை நாடகத்தை வடமொழியில் எழுதினான். குடித்துவிட்டுக் காஞ்சித் தெருவில் தள்ளாடும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். அதைத் திருடியவர் ஒரு பௌத்தத் துறவி என்று சண்டை பிடிக்கிறான். கடைசியில் அது ஒரு நாயிடமிருந்து ஒரு பித்தன் கைக்கு வந்திருப்பது தெரிகிறது. சமயத் துறவியரின் போலித்தனத்தை ஓர் அரசனே எள்ளி நகையாடினான் என்பது எண்ணத்தக்கது. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனும் அரசன் முன் நின்றுகொண்டே அரசனைக் கிண்டல் செய்யும் உரிமை பெற்றவனாக விளங்கினான்.

கத்தோலிக்க மக்களாகிய நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய மற்றொரு நூலும் உண்டு. வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' அது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு அறிவற்ற குரு ஒருவர் படும் பாட்டை அது சொல்கிறது. குதிரைமேல் செல்லும்போது குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் விட்டுவிடுகின்றனர். விழுவதையெல்லாம் எடுங்கள் என்று குரு ஆணையிடுகிறார். உடனே குதிரையின் சாணத்தையும் ஏந்தி வருகின்றனர். சினங்கொண்ட குரு, எடுக்க வேண்டியவற்றை ஓலையில் பட்டியலாக எழுதித் தருகிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழுகிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை! 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு இக்கதையை இலண்டனில் அச்சிட்டார். மார்ட்டனின் நாடகம் மேடையேறுவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, தமிழகத்தில் ஓர் இயேசு சபைத் துறவி எழுதிய சிரிப்பு இலண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. ஆகவே போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

ஆங்கிலேயர் கொண்டுவந்த மேடையையும் திரையையும் நம்மவர் எடுத்துக்கொண்டு என்ன செய்தனர்? முதலில் பம்பாயைப் பார்ப்போம். 1853இல் பார்சி நாடகக் குழு ஒன்று ருஸ்தம், சோரப் ஆகிய வீரர்களின் பாரசீகக் கதையை அரங்கேற்றியது. ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றி, அதன் முடிவில் 'தன்ஜி கரக்' என்னும் கேலி நாடகம் ஒன்றையும் சேர்த்து நடித்தது. மேடை அமைப்பு ஆங்கிலேயருடையது, சிரிப்புக்குரியவர் உள்ளூரார். பின்னர்ப் பார்சிக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தின, சென்னைக்கும் வந்தன. இராயபுரத்தில் இன்றும் நிற்கும் பார்சியர் நெருப்புக் கோயில், வணிகத்தின் பொருட்டு இங்கு வந்து வேரூன்றிய அச்சமூகத்தின் நினைவுச் சின்னமாகும்.

அடுத்து வங்காளம். அங்கே இக்கலையை வளர்த்தவர் நம் சென்னையோடு தொடர்புடையவர். மைக்கேல் மதுசூதன தத்தர் 1843இல் கிறித்தவம் தழுவினார். 1848இல் சென்னைக்கு வந்து, அநாதைச் சிறுவர் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். எட்டாண்டுகள் இங்கே வறுமையோடு போராடி, 1849இல் தம் முதல் ஆங்கிலக் கவிதை நூலையும் இங்கேயே வெளியிட்டார். கல்கத்தா திரும்பியபின் 1860இல் வங்கமொழியில் இரண்டு கேலி நாடகங்களை எழுதினார். ஒன்று, ஆங்கில நாகரிகம் என்ற பெயரில் குடித்துக் கூத்தடிக்கும் இளைஞரைக் குத்திக் காட்டியது. மற்றொன்று, பக்தி வேடம் பூண்டு, ஏழைக் குடியானவனின் மனைவிமேல் கண் வைக்கும் கிழ நிலக்கிழாரைத் தோலுரித்தது. புதுமைவாதிகளும் சினந்தனர்; பழைமைவாதிகளும் சினந்தனர். எழுதச் சொன்ன பெருமக்களே அவற்றை மேடையேற்றத் தயங்கினர். சிரிப்பு சரியான இடத்தில் பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வெள்ளையரின் மேடையும் நம்மவரைச் சும்மா விடவில்லை. டேவ் கார்சன் என்னும் வேடிக்கை நடிகர் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வங்காளி எழுத்தரைப்போல வேடமிட்டு, அவர்கள் ஆங்கிலம் பேசும் முறையைப் பழித்துப் பாடிப் பெரும் பொருள் ஈட்டினார். 1873இல் அர்தேந்து சேகர் முஸ்தாபி என்னும் வங்க நடிகர் அதற்கு மறுமொழி தந்தார். வெள்ளைத் துரைபோல வேடமிட்டு, துரையின் பேச்சை அவர் பழித்துக் காட்டினார். பேச்சு எங்கே இழிக்கப்பட்டதோ அங்கேயே பேச்சால் பதில் கிடைத்தது.

இனிச் சொல்லப்போவது இராயபுரத்தோடும் தொடர்புடையது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் சென்னை வந்தார். துறைமுகப் பணிக்கு நினைவுக்கல் நாட்டினார். அவருக்கென இந்தியப் பெருமக்கள் அளித்த கலை விருந்து, தோரணங்களால் அழகு செய்யப்பட்ட இராயபுரம் தொடர்வண்டி நிலையத்தில் நடந்தது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட அதே நிலையம் அது. பின்பு கல்கத்தா சென்ற இளவரசரை ஜகதானந்த முகர்ஜி என்னும் வழக்கறிஞர் தம் இல்லத்துக்கு அழைத்து, அந்தப்புரத்துப் பெண்களைக் கொண்டு வரவேற்கச் செய்தார். ஊரார் கொதித்தனர். 1876 பிப்ரவரியில், 'கஜதானந்தரும் இளவரசரும்' என்னும் கேலி நாடகம் கிரேட் நேஷனல் அரங்கில் மேடையேறியது. காவல்துறை தடுத்தது. பெயரை மாற்றி மீண்டும் நடித்தனர், மீண்டும் தடை. அப்போது காவல் ஆணையர் பெயர் ஹாக். கண்காணிப்பாளர் பெயர் லாம்ப். முன்னது ஆங்கிலத்தில் பன்றியையும் பின்னது ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டும். விடுவார்களா? பன்றியும் ஆடும் நடத்தும் காவல் என்று அடுத்த கேலி நாடகம் வந்தது.

அரசப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபு 1876 பிப்ரவரி 29ஆம் நாள் அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் மாதம் நாடகக் குழுவினர் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்ற நிலையான சட்டமாயிற்று. எந்த நாடகத்தையும் தடை செய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. 1857இன் பெரும் கிளர்ச்சியை அடக்கிய பேரரசு, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு சிறு கேலி நாடகத்துக்கு அஞ்சிச் சட்டம் இயற்றியது. தங்கள் படைமுகாம்களில் சிரிப்பை ஊக்குவித்தவர்கள்தாம் அவர்கள். சிரிப்பின் முகம் தங்களை நோக்கித் திரும்பியதும் அது குற்றமாகிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் தமிழகத்தின் கதையைக் காண வேண்டும். 1891ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். பெல்லாரிக் கிருஷ்ணமாச்சார்லு தம் குழுவோடு சென்னைக்கு வந்து நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்டபின்தான், கூத்தாடிகள் தொழில் என்று படித்தவர் ஒதுக்கி வைத்திருந்த கலையைத் தாமே கையிலெடுக்க வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. வழக்கறிஞர்களும் அரசு அலுவலரும் அரிதாரம் பூசினர். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியும் இச்சபையில் நடித்தவரே. விக்டோரியா பொதுக்கூடம் இவர்களின் அரங்கமாயிற்று. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' ஆக்கியும், வெனிஸ் நகர வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கியும் மேடையேற்றிய சம்பந்த முதலியார், தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். பிற்காலத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964இல் மறைந்தார்.

அவருடைய நகை நாடகங்களுள் தலைசிறந்தது 'சபாபதி'. ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளையின் பெயர் சபாபதி முதலியார். அவருடைய வேலைக்காரனின் பெயரும் சபாபதி. வேலைக்காரன் சொன்னதைச் சொன்ன சொல்லின்படியே செய்பவன். சொல்லின் பின்னுள்ள கருத்து அவனுக்கு எட்டுவதில்லை. இவ்வளவில் பார்த்தால் மண்டுவான வேலைக்காரனைக் கண்டு சிரிக்கும் ஆங்கிலக் கேலி நாடகத்தின் சாயல்தான். ஆனால் முதலியார் அங்கே நிற்கவில்லை. எசமானும் அதே அளவுக்கு மண்டு! ஒரே பெயர், ஒரே அறிவு; ஒருவர் நாற்காலியில் இருக்கிறார், மற்றவர் நிற்கிறார். இருவருக்கும் உள்ள வேறுபாடு பிறப்பும் பணமும் தவிர வேறென்ன என்று பார்ப்பவர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். குதிரைச் சாணம் சுமந்த பரமார்த்த குருவின் சீடர்கள் இவர்களுக்கு உறவினர். ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. குருவும் சீடரும் சேர்ந்தே மூடர், எசமானும் ஏவலனும் சேர்ந்தே மூடர் என்னும் பார்வை இரண்டுக்கும் பொது. மேலிருப்பவரைத் தப்பவிட்டுக் கீழிருப்பவரை மட்டும் எள்ளும் சிரிப்பு அன்று இது.

மக்கள் இதை விரும்பினர். சபாபதியின் பின்தொடர்ச்சியாக மேலும் சில பாகங்களை முதலியார் எழுத நேர்ந்தது. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் இதைத் திரைப்படமாக்கினார். எசமானாக டி.ஆர். இராமச்சந்திரனும் ஏவலனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். போர் அச்சம் சென்னையைச் சூழ்ந்திருந்த அந்த டிசம்பரில் வெளிவந்த அப்படம், எண்பது ஆண்டுகளைக் கடந்தும் நினைக்கப்படுகிறது.

வெள்ளையர் போனபின் அவர்கள் இயற்றிய சட்டம் போயிற்றா? இல்லை. 1954இல் எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய புயலின் நடுவே, சென்னை மாநில அரசு தனக்கென ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. அந்த நாடகத்தின் கருத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தும் எள்ளலை நல்ல எள்ளல் என்று சொல்லவும் வேண்டியதில்லை. ஆயினும் நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி, அனுமதிக்காகக் காத்துக்கிடக்கும் வழக்கம் அறுபது ஆண்டுகளுக்கு அருகில் நீடித்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்தது. 1876ஆம் ஆண்டின் மூலச் சட்டம் 2018இல்தான் நாட்டின் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. இளவரசரைக் கேலி செய்த நாடகத்தின் நிழல் 142 ஆண்டுகள் நீண்டது!

அரசை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. திருச்சபையும் சிரிப்பின் முன் பலமுறை கூசியிருக்கிறது. பிரான்சின் பெருநாடகாசிரியர் மோலியேர் 1673இல் இறந்தபோது, நடிகர் என்ற காரணத்தால் அவருக்குக் கிறித்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. அரசனின் தலையீட்டால், இரவு நேரத்தில், சடங்குச் சிறப்பின்றிப் புதைக்க இடம் தரப்பட்டது. போலிப் பக்தனைத் தோலுரித்த நாடகாசிரியரின் உடலுக்குப் பகல் வெளிச்சம் கிட்டவில்லை. அதே திருச்சபையின் மகனாகிய வீரமாமுனிவர், குருவையும் சீடரையும் வைத்து ஊரையே சிரிக்கச் செய்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நம் மரபில் இரண்டும் உண்டு. எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவு நீண்ட வரலாற்றை எண்ணூரில் இருந்துகொண்டு ஏன் எழுத வேண்டும்? காரணம் உண்டு. மார்ட்டனின் அறை இங்கே இருக்கிறது. 1948இல் வண்டித் தொழிற்சாலை வந்தது. 1970இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கி, 2017இல் ஓய்ந்தது. 2001இல் புதிய துறைமுகம் திறந்தது. உரம், வார்ப்பு, எண்ணெய், நிலக்கரி என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. வெள்ளையர் காற்று வாங்கிய ஊரில் இன்று காற்றைக் குறித்தே மக்கள் வழக்காட வேண்டியிருக்கிறது. ஆலை உள்ள இடத்தில் ஷிப்டு உண்டு. ஷிப்டு உள்ள இடத்தில், ஒரே பாயில் பகலுக்கு ஒருவரும் இரவுக்கு ஒருவரும் உண்டு. முன்பு தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அவ்வாறு தங்கினர். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருவோர் தங்குகின்றனர். வீடு மந்திரிக்கச் செல்லும்போது, பின்கட்டு அறையின் கதவை மெல்லச் சாத்தி, உள்ளே நைட் ஷிப்டு முடித்தவர்கள் தூங்குகிறார்கள் சாமி என்று வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சுவரில் பத்துச் சட்டைகள் தொங்கும். தரையில் ஐந்து பேர் கிடப்பார்கள். மற்ற ஐந்து பேரின் முகத்தை அந்த ஐவர் வாரத்தில் எத்தனை முறை பார்ப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. வங்காளி எழுத்தரின் பேச்சைப் பழித்துப் பொருள் ஈட்டிய கார்சனை நாம் கடிந்துகொள்கிறோம். நம் திரைப்படங்களும் மேடைகளும் வடசென்னைத் தொழிலாளியின் பேச்சை எத்தனை ஆண்டுகளாகச் சிரிப்புப் பொருளாக விற்றிருக்கின்றன! மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் கைவண்டி இழுப்போரும் பேசும் மொழி, திரையில் வந்தாலே அரங்கம் சிரிக்கிறது. அவ்வளவு பழியைத் தாங்கிய நம் மக்களுள் சிலர், இன்று வடமாநிலத் தொழிலாளி உடைந்த தமிழில் பேசும்போது அதே சிரிப்பைச் சிரிக்கின்றனர். நம் பங்கு விழா நாடகங்களிலும் இச்சிரிப்பு எட்டிப் பார்ப்பதுண்டு. கயிறு இழுத்தவனின் பேரன் இன்று கூடத்தில் அமர்ந்துகொண்டு, வேறொருவனைச் சுவருக்கு அப்பால் நிறுத்தலாகாது.

நகைச்சுவை தீது என்பது என் கருத்தன்று. அது எந்தத் திசையை நோக்குகிறது என்பதே கேள்வி. பவுன்சர் அம்மாள் இரண்டு வாடகையையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். பாக்ஸும் காக்ஸுமோ அவளிடம் கணக்குக் கேட்கவில்லை. ஒருவன் சமைத்ததை மற்றவன் சன்னலுக்கு வெளியே வீசினான். ஏழைகள் தமக்குள் சண்டையிட, வாடகை மட்டும் ஒழுங்காகச் சேர்வது நாடகத்தோடு முடிந்துபோன செய்தியன்று. நம் பகுதியில் உள்ளூர்த் தொழிலாளியும் வெளியூர்த் தொழிலாளியும் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லும்போது, அந்த அடுப்பும் சன்னலும் என் நினைவுக்கு வருகின்றன. சிரிப்பு அவர்களைப் பார்த்தே நின்றுவிட்டால் அது ஆளுவோரின் சிரிப்பு. சற்றுத் திரும்பி, இரட்டை வாடகையைப் பார்க்குமானால் அது அறத்தின் சிரிப்பு. மதுசூதனரும் முஸ்தாபியும் சம்பந்த முதலியாரும் செய்தது அந்தத் திருப்பத்தைத்தான்.

கடைசியாக அந்த மச்சத்துக்கு வருவோம். தொடக்க நூலில் ஈசாக்கு தம் மகனை அடையாளத்தால் அறிய முயன்றார். கையைத் தடவிப் பார்த்தார், அடையாளம் சரியாகவே இருந்தது, ஆயினும் ஏமாந்தார். மார்ட்டனின் பாக்ஸோ மச்சம் இல்லாதவனைத் தம்பி என்றான். அதற்காக உலகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. எனக்கென்னவோ, அந்தச் சிரிப்புக்குள் மார்ட்டன் தாம் அறியாமலே ஓர் உண்மையை வைத்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஊர், சாதி, மொழி, மதம் என்று நாம் கேட்கும் மச்சங்கள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றும் இல்லாத ஒருவன், நாம் எழுந்த பாயில் வந்து படுக்கிறான். நாம் நிறுத்திய இயந்திரத்தின் முன் போய் நிற்கிறான். நாம் உறங்கும் நேரத்தில் விழித்திருக்கிறான். அவனுக்கு எண்ணூரில் ஒரு பெயரும், அவன் பேச்சைச் சிரிக்காமல் கேட்க ஒரு காதும், நிமிர்ந்து படுக்க ஒரு முழு இடமும் வேண்டும். அடுத்த முறை பங்கு மேடையில் நாடகம் போடுகிறவர்கள், அந்தப் பின்கட்டு அறையில் உறங்குவோரையும் முன்வரிசைக்கு அழைக்கட்டும். அவர்களும் நம்மோடு சேர்ந்து சிரிக்க முடிகிற நாடகத்தை எழுதட்டும்.